பயிற்சி நேரத்துக்கும் ஒரு நடுவர் வேண்டும்: சைக்கிள் ஓடுதளங்களை நிர்வகிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் இயங்கும் யூசிஐ எனப்படும் சர்வதேச சைக்கிள் ஒன்றியம், ஜெர்மன் சைக்கிள் கூட்டமைப்பு, வெலோட்ரோம் எனப்படும் சைக்கிள் ஓடுதளங்களை நடத்தும் நகராட்சிகள், கிளப்புகள்.

வணக்கம்.

2018 ஜூன் 26 அன்று ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், கொட்புஸ் நகரத்துக் கான்கிரீட் ஓடுதளத்தில் ஜெர்மன் சைக்கிள் வீராங்கனை கிறிஸ்டினா ஃபோகல் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகம். அதே தளத்தில், அதே உள்வட்டத்தில், நெதர்லாந்தைச் சேர்ந்த ஓர் இளம் வீரர் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் பயிற்சியில் இருந்தார். இருவரும் மோதினார்கள். ஃபோகலின் ஏழாவது மார்பு முள்ளெலும்பு இருக்கும் இடத்தில் தண்டுவடம் அறுந்துபோனது. அப்போது அவருக்கு வயது 27. ஒலிம்பிக்கில் 2 தங்கம், 11 உலகப் பட்டங்கள். அன்றைக்கு உலகின் மிகச் சிறந்த ஸ்பிரிண்ட், அதாவது குறுந்தூர அதிவேகப் பந்தய வீராங்கனை யார் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் அவர் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இத்தனை ஆண்டுகள் கழித்து இதை ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அவருடைய மன உறுதியை எழுதுகிறார்கள். அது உண்மைதான், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒருவர் உறுதியாக இருக்கிறார் என்பதற்காக, அவருக்கு நேர்ந்தது ஏன் நேர்ந்தது என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட முடியாது. ஒரு தளத்தில் ஒருவர் முழு வேகத்தில் வரும்போது இன்னொருவர் நின்ற இடத்திலிருந்து கிளம்புகிற நிலைமை உருவாகவே கூடாது. இதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. கால அட்டவணையும், அதைக் காக்கிற ஒரு மனிதரும் போதும். அந்த மனிதரை எல்லா ஓடுதளங்களிலும் கட்டாயமாக நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் அவர் யார் என்பதை, இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1990 நவம்பரில், அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த கிர்கிஸ்தானில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் ஜெர்மனிக்கு வந்துவிட்டது. வளர்ந்தது தூரிங்கியா மாநிலத்தில். அங்கே எர்ஃபுர்ட் நகரில் ஆண்ட்ரியாஸ்ரீட் என்று ஒரு ஓடுதளம் இருக்கிறது, 1885-இல் தொடங்கியது. இன்றும் ஓட்டத்தில் இருக்கும் மிகப் பழைய தளங்களில் அதுவும் ஒன்று. அந்த ஊர் மண்ணில் சைக்கிள் பந்தயம் ஊறிப்போயிருக்கிறது. இளையோர் பிரிவிலேயே உலகப் பட்டங்களை வாரிக்கொண்டு வந்த பெண் இவர்.

2009-இல் முதல் அடி விழுந்தது. சாலையில் பயிற்சிக்குப் போனவர் மீது ஒரு வேன் மோதியது. முள்ளெலும்பு முறிவு, தாடை முறிவு, பற்கள் போயின. மருத்துவர்கள் இரண்டு நாள் செயற்கைக் கோமாவில் வைத்திருந்தார்கள். 18 வயதில் இப்படி அடிபட்டால் நம் வீடுகளில் சைக்கிளைக் கண்ணில் காட்டவே விடமாட்டோம். அவர் எழுந்து வந்து, மூன்றே ஆண்டில் லண்டன் ஒலிம்பிக் தளத்தில் நின்றார்.

அந்த லண்டன் தங்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். என் வாதத்தின் நடு முடிச்சே அங்கேதான் இருக்கிறது. 2012-இல் பெண்கள் டீம் ஸ்பிரிண்டில் அணிக்கு இருவர். முதல் சுற்றை ஒருவர் இழுத்துக்கொடுத்து மேலே விலக வேண்டும், அடுத்தவர் உள்ளே புகுந்து இரண்டாம் சுற்றை முடிக்க வேண்டும். அந்த மாற்றம் எந்த இடத்தில் நடக்கலாம் என்பதற்குக் கோடு போட்டு எல்லை வைத்திருக்கிறீர்கள். பிரிட்டன் அணி அந்த எல்லையை மீறியதாக நடுவர்கள் சொன்னார்கள், இறுதிக்கு வர முடியவில்லை. அந்த இடத்துக்கு ஜெர்மனி வந்தது. இறுதியில் சீனாவின் கோங் ஜின்ஜியேயும் குவோ ஷுவாங்கும்தான் முதலில் கோட்டைக் கடந்தார்கள். அவர்களும் மாற்றத்தில் தவறியதாகத் தீர்ப்பு வந்தது. ஃபோகலுக்கும் மிரியம் வெல்டேவுக்கும் தங்கம் கிடைத்தது.

கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கிற ஒரு விலகலை ஒளிப்பதிவில் திரும்பத் திரும்பப் பார்த்து, ஒலிம்பிக் தங்கத்தையே கைமாற்றும் அளவுக்குக் கறாரான விளையாட்டு இது. யார் எந்தக் கோட்டில், எந்தக் கணத்தில் இருக்கலாம் என்பதை இவ்வளவு நுணுக்கமாகக் கண்காணிக்கத் தெரிந்த உங்களுக்கு, பயிற்சி நேரத்தில் அதே கோட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க ஆள் போட முடியாதா?

அவருடைய மற்ற வெற்றிகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 2012 மெல்பர்ன், 2013 மின்ஸ்க் என்று டீம் ஸ்பிரிண்ட் உலகப் பட்டங்கள். 2013 டிசம்பரில் மெக்சிகோவின் அகுவாஸ்காலியெண்டஸில், ஓட்டத்தோடு வந்து கடக்கும் 200 மீட்டரை 10.384 வினாடியில் முடித்து உலக சாதனை. மணிக்கு 69 கிலோமீட்டருக்கு மேல், சொந்தக் காலின் பலத்தில். 2014-இல் கொலம்பியாவின் காலியில் ஸ்பிரிண்ட், கெய்ரின் (மோட்டார் வண்டியின் பின்னால் பலர் சேர்ந்து சுற்றி, அது விலகியதும் முடிவுக் கோட்டுக்குப் பாயும் பந்தயம்), டீம் ஸ்பிரிண்ட் மூன்றும் அவருக்கே. 2018 பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும் நெதர்லாந்தின் ஆப்பல்டோர்னில் மேலும் இரண்டு. மொத்தம் பதினொன்று ஆனபோது ஆஸ்திரேலியாவின் அன்னா மியர்ஸின் எண்ணிக்கையைத் தொட்டுவிட்டார். நடுவே 2016 ரியோவில் தனிநபர் ஸ்பிரிண்ட் தங்கம். அந்த இறுதிப் போட்டியில் பிரிட்டனின் பெக்கி ஜேம்ஸை எதிர்த்து இரண்டாவது ஓட்டம் ஓடும்போது, முடிவுக் கோட்டில் சைக்கிளை முன்னால் தள்ளிய வேகத்தில் சீட்டே கழன்று விழுந்தது. சீட் இல்லாத சைக்கிளில் வெற்றிச் சுற்று வந்தார். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆப்பல்டோர்னுக்கும் கொட்புஸுக்கும் இடையே நான்கு மாதம்கூட இல்லை.

இப்போது அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இந்த மடலைப் படிக்கும் பெற்றோர் பலருக்குத் தெரியாது. ஓடுதளச் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. பின்சக்கரமும் பெடலும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்கும். சக்கரம் சுற்றும்வரை காலும் சுற்றியே ஆக வேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் காலால் எதிர்த்து அழுத்தலாம், அல்லது சரிவில் மேலே ஏறலாம். முழு வேகத்தில் இருப்பவர் நினைத்த மாத்திரத்தில் நிற்க வழியே இல்லை. வேகமாகப் போகிறவர் காற்றைக் கிழிக்கத் தலையைத் தாழ்த்துவார், பார்வை முன்சக்கரத்துக்குச் சற்று முன்னால்தான் இருக்கும். அதைக் குறையாகச் சொல்ல முடியாது, அப்படித்தான் பயிற்றுவிக்கப்படுகிறார்.

அடுத்தது கோடு. தளத்தின் உள் ஓரத்தை ஒட்டிய கறுப்புக் கோடுதான் மிகக் குறைந்த தூரம். அதனால் 200 மீட்டர் ஓட்டம் ஓடுகிறவர் சரிவின் உச்சியிலிருந்து பாய்ந்து இறங்கி அந்தக் கோட்டுக்கு வருவார். நின்ற நிலையிலிருந்து கிளம்புகிறவரும் அதே கோட்டை ஒட்டித்தான் கிளம்புவார். ஆக, தளத்திலேயே அதிக வேகத்தில் வருகிறவரும் அசையாமல் நிற்கிறவரும் ஒரே ஒரு முழ அகலத்துக்குள் சந்திக்கும்படிதான் இந்த இரண்டு பயிற்சிகளும் அமைந்திருக்கின்றன. இது யாருடைய கவனக்குறைவையும் சார்ந்த விஷயம் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தினால் ஆபத்து அங்கே தானாகவே உட்கார்ந்திருக்கும்.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். 250 மீட்டர் தளத்தை 15 வினாடியில் சுற்றி வந்துவிடலாம். கிளம்பப் போகிறவர் பின்னால் திரும்பிப் பார்க்கிறார், தளம் காலியாக இருக்கிறது. பிறகு கைப்பிடியைப் பிடித்து, மூச்சை இழுத்து, உடலைப் பின்னால் தள்ளி, முன்னே பாய்கிறார். இதற்கே ஐந்தாறு வினாடி ஆகிவிடும். அதற்குள் வேகத்தில் வருகிறவர் 100 மீட்டர் வந்திருப்பார். பார்த்தபோது காலியாக இருந்த தளம், கிளம்பும்போது காலியாக இல்லை. கனமான கியரில் முதல் சில மிதிகள் மெதுவாகத்தான் நகரும். இருவருமே தங்கள் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே மோதல் நடக்கும்.

விபத்து நடந்த சிறிது நேரத்தில், தன் காலணிகளை யாரோ கையில் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்ததாக ஃபோகல் பின்னாளில் பேட்டியில் சொன்னார். அவற்றைக் காலிலிருந்து கழற்றியதே அவருக்குத் தெரியவில்லை. இனி நடக்க முடியாது என்பது அப்போதே புரிந்துவிட்டது என்றார். ஓடுதளக் காலணி சாதாரணமாகக் கழன்றுவிடாது. பெடலோடு பிணைத்து இறுக்கியிருப்பார்கள், கழற்றினால் கணுக்கால்வரை இழுபடும். அந்த இழுப்பு எதுவும் எட்டவில்லை என்பதை அவர் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

ஏழாவது மார்பு முள்ளெலும்பில் அறுந்தால் கால் மட்டும் போவதில்லை. வயிற்றுத் தசையில் பெரும்பகுதியின் கட்டுப்பாடும் போகும். நிமிர்ந்து உட்காருவதையே முதலிலிருந்து கற்க வேண்டும். சிறுநீர், மலம் எல்லாவற்றுக்கும் புதிய ஏற்பாடு. ஒரே இடத்தில் அதிக நேரம் அழுந்தினால் வலி தெரியாமலே புண் வரும். பெர்லின் விபத்து மருத்துவமனையில் அவர் இதையெல்லாம் கற்றுக்கொண்டிருந்த அந்தக் கோடைக்காலம் முழுக்க வெளியுலகத்துக்கு விவரம் தெரியாது. செப்டம்பரில் அவரே சக்கர நாற்காலியில் பத்திரிகையாளர்கள் முன் வந்து, இனி நடக்க முடியாது என்பதை மழுப்பாமல் சொன்னார்.

சரி, பந்தயத்திலும்தான் விபத்து நடக்கிறது, பயிற்சியை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறாய் என்று கேட்பீர்கள். பந்தயத்தில் தளத்தில் யார் இருப்பார்கள் என்பது எழுதப்பட்டிருக்கிறது. துப்பாக்கி வெடித்தால் தொடக்கம், வெடித்தால் நிறுத்தம். நடுவர்கள் இருக்கிறார்கள், மருத்துவர் இருக்கிறார். உங்கள் விதிப்புத்தகம் பந்தயத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. அன்றாடப் பயிற்சி பெரும்பாலும் அந்தந்தத் தளத்தின் வழக்கத்துக்கும் அங்கிருப்பவர்களின் பழக்கத்துக்கும் விடப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு வீராங்கனை தளத்தில் கழிக்கும் நேரத்தைப் பார்த்தால், பந்தயம் அதில் சின்னஞ்சிறு பங்கு. மீதி முழுக்கப் பயிற்சிதான்.

எங்கள் வீட்டுப் பெண்ணும் ஓடுதளத்துக்குப் போகிறாள். எந்தத் தளம் என்பது இங்கே முக்கியமில்லை, எதுவாக இருந்தாலும் காட்சி ஒன்றுதான். மாலை நேரம். மேலே நீலக் கோட்டுக்கு மேல் நாலைந்து சிறுவர்கள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். வயதான ஒருவர் தன் போக்கில் ஓட்டுவார். மாநில அணிப் பையன் ஒருவன் உச்சியில் இரண்டு சுற்று சுற்றி, பாய்ந்து இறங்கத் தயாராவான். கீழே ஒரு பயிற்சியாளர் ஒரு கையால் ஒரு சிறுமியின் சீட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் நேரக் கடிகாரத்தை வைத்திருப்பார். அவர் கண் கடிகாரத்தில் இருக்கும், சிறுமியின் முதுகில் இருக்கும், முன்சக்கரத்தில் இருக்கும். பின்னால் வளைவில் என்ன வருகிறது என்று பார்க்க அவருக்கு மூன்றாவது கண் வேண்டும். நல்ல மனிதர், அனுபவசாலி. அவரிடம் எந்தக் குறையும் இல்லை. ஒரே ஆளிடம் இரண்டு வேலையைக் கொடுத்திருப்பதுதான் குறை. யாராவது குரல் கொடுப்பார்கள், கேட்டால் விலகுவார்கள். காதை மூடும் ஹெல்மெட், கூரைக்கு அடியில் எதிரொலி, இரண்டுக்கும் நடுவில் அந்தக் குரல் எவ்வளவு தூரம் போகும்?

ஆகவே நான் கேட்பது இதுதான். ஓடுதளத்தில் ஒருவருக்கு மேல் இருக்கும் எந்தப் பயிற்சி நேரத்திலும், பயிற்றுவிக்காத, கடிகாரம் பிடிக்காத, எந்த அணியையும் சேராத ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். யார் இறங்கலாம், யார் மேலேயே இருக்க வேண்டும் என்பதை அவர் ஒருவரே சொல்ல வேண்டும். எத்தனை பதக்கம் வாங்கிய பயிற்சியாளராக இருந்தாலும் அந்தச் சொல்லை மீறக் கூடாது. வேக ஓட்டம் நடக்கும் நேரத்தில் நின்ற நிலைக் கிளம்பல் கூடவே கூடாது. இரண்டுக்கும் தனித்தனி நேரம், அது தளத்தின் வாசலில் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். வளைவுகளில் சிவப்பு விளக்கு எரிந்தால் எல்லோரும் மேலே ஏற வேண்டும், அவ்வளவுதான். பந்தயச் சக்கரம் ஒரு ஜோடிக்கு ஆகும் செலவைச் சொன்னால் வெளியாள் வாயைப் பிளப்பார். அந்தப் பணம் புழங்கும் விளையாட்டில் நான்கு விளக்கு பெரிய செலவில்லை.

இதற்கு வரும் மறுப்பு எனக்குத் தெரியும். தளங்கள் குறைவு, நேரம் அதைவிடக் குறைவு. ஒரே தளத்தைக் கிளப், மாநிலம், தேசிய அணி, வெளிநாட்டு விருந்தாளி என்று பலர் பங்கு போட வேண்டியிருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு வகைப் பயிற்சி என்றால் பாதிப் பேருக்கு இடமே கிடைக்காது. இது நியாயமான கவலை, நான் தள்ளிவிடவில்லை. ஆனால் இடம் குறைவாக இருப்பதுதான் காவலுக்கான காரணம். ஒரு கிணற்றில் பத்துப் பேர் நீர் இறைக்கிறார்கள் என்றால் முறை வைத்துத்தான் இறைப்பார்கள். நேரம் குறைந்தால் பயிற்சி கொஞ்சம் குறையும். பதக்கம்கூடக் குறையலாம். அந்த விலையைக் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொரு மறுப்பு, ஆபத்தை அறிந்துதானே வருகிறார்கள் என்பது. முழங்கையோடு முழங்கை உரசும் கெய்ரின் பந்தயத்தில் விழுவதற்கு ஒரு வீராங்கனை சம்மதித்து வருகிறார், உண்மை. அந்த ஆபத்து விளையாட்டின் உள்ளே இருக்கிறது. எதிரில் ஒருவர் நிற்பார் என்பது எந்தப் பந்தயத்தின் பகுதியும் இல்லை. அதற்கு யாரும் சம்மதம் தரவில்லை.

முழுக் கண்காணிப்பு இருந்தும் என்ன நடக்கும் என்பதை 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் எல்லோரும் பார்த்தோம். இரண்டு அணிகள் தளத்தின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து கிளம்பி ஒன்றையொன்று துரத்தும் குழு விரட்டுப் போட்டியில் டென்மார்க்கின் ஃபிரடரிக் மாட்சன் தலையைத் தாழ்த்தி ஓட்டிவந்து, அணியிலிருந்து பின்தங்கியிருந்த பிரிட்டனின் சார்லி டான்ஃபீல்டின் பின்னால் நேராகப் போய் மோதினார். தளத்தில் மொத்தமே இரண்டு அணிகள்தான். நடுவர்கள் சுற்றி நிற்கிறார்கள், கேமராக்கள் பார்க்கின்றன. அப்போதே முன்னால் ஒரு மனிதர் இருப்பது தெரியவில்லை. வயதும் வேகமும் வெவ்வேறான பத்துப் பதினைந்து பேர் சுற்றும் ஒரு பயிற்சி மாலையில் அது தெரியும் என்று எந்த நம்பிக்கையில் இருக்கிறோம்?

பார்வையாளர்கள் பாதிக்கப்பட்டால் மட்டும் உலகம் விழித்துக்கொள்கிறது. 1909-இல் பெர்லினில் பழைய தாவரவியல் பூங்காவில் இருந்த தளத்தில், சைக்கிள் வீரர்களுக்கு முன்னால் ஓடும் மோட்டார் வண்டி கூட்டத்துக்குள் பாய்ந்து ஒன்பது பேர் இறந்தார்கள். 2022 காமன்வெல்த் போட்டியின்போது லண்டன் தளத்தில் மேட் வால்ஸ் தடுப்பைத் தாண்டிப் பார்வையாளர்கள் மேல் விழுந்தார். அதே லண்டன் தளத்தில் 2024 டிசம்பரில் கேட்டி மார்ச்சண்ட் கூட்டத்துக்குள் தூக்கி எறியப்பட்டுக் கை முறிந்தது, அன்றைய பந்தயமே ரத்தானது. ரியோவில் ஃபோகல் தங்கம் வாங்கிய மேடையில் வெண்கலத்தோடு நின்றவர் இந்த மார்ச்சண்ட்தான். ஒவ்வொரு முறையும் தடுப்பின் உயரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது, வர வேண்டியதுதான். பார்வையாளரே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் நடந்ததைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சு எழவில்லை.

அதனால் இரண்டாவது கோரிக்கை. விமானம் ஒன்று ஓடுபாதையில் உரசினாலே ஜெர்மனியில் தனி அமைப்பு விசாரித்து அறிக்கை வெளியிடுகிறது. யாரைத் தண்டிப்பது என்பது அந்த அறிக்கையின் வேலையில்லை, அடுத்தது நடக்காமல் தடுப்பதுதான் வேலை. ஓடுதளத்தில் கடுமையான காயம் ஏற்படும் ஒவ்வொரு விபத்துக்கும் அப்படி ஓர் அறிக்கை வேண்டும். தளத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், யார் பொறுப்பில் இருந்தார், என்ன அறிவிப்பு செய்யப்பட்டது என்பதெல்லாம் உலகின் எந்த மூலையில் இருக்கும் கிளப் பயிற்சியாளரும் படிக்கும்படி வெளியாக வேண்டும். மயிரிழையில் தப்பியவற்றையும் பதிவு செய்யுங்கள். அவைதான் அதிகம், கற்றுக்கொடுப்பதும் அவைதான்.

இனி, விபத்துக்குப் பிறகான வாழ்க்கைக்கு வருகிறேன். ஃபோகல் வீட்டில் முடங்கவில்லை. 2019-இல் எர்ஃபுர்ட் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கூட்டாட்சிக் காவல்துறையில் ஏற்கெனவே வேலையில் இருந்தவர், அங்கே பயிற்றுவிக்கும் பணிக்கு வந்தார். டோக்கியோ ஒலிம்பிக்கின்போது இசட்டிஎஃப் தொலைக்காட்சியில் வல்லுநராக உட்கார்ந்து, தான் ஓடியிருக்க வேண்டிய பந்தயங்களை மற்றவர்களுக்கு விளக்கினார். எம்மா ஹின்ட்ஸே, லியா ஃபிரீட்ரிக் என்று அடுத்த தலைமுறை ஜெர்மன் பெண்கள் அந்த டோக்கியோவில் டீம் ஸ்பிரிண்ட் வெள்ளி வாங்கினார்கள். தன் இடத்தில் ஓடுகிறவர்களைப் பற்றி அவர் அவ்வளவு தெளிவாகவும் தாராளமாகவும் பேசுவதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆனால் அந்த வாழ்க்கையைத் தாங்கிப் பிடித்தவை எவை என்று பாருங்கள். அரசு வேலை இருந்தது. புகழ் இருந்தது. மேக்ஸ் லெவி முதலிய சக வீரர்கள் உடனே நிதி திரட்டினார்கள், அது ஒரு லட்சம் யூரோவைத் தாண்டியது. ஜெர்மனியில் ராணுவமும் காவல்துறையும் சுங்கத் துறையும் முன்னணி வீரர்களுக்கு வேலை கொடுத்து வைத்திருப்பது பாராட்ட வேண்டிய ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்குள் வராத ஒரு பதினாறு வயதுக் கிளப் பிள்ளைக்கு இதே காயம் ஏற்பட்டால்? வீட்டின் கதவை அகலமாக்க வேண்டும், குளியலறையை மாற்ற வேண்டும், வண்டியை மாற்ற வேண்டும், சக்கர நாற்காலியையே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உண்டியல் குலுக்கினால் எத்தனை பேர் போடுவார்கள்? உரிமம் கொடுத்துத் தளத்தில் இறக்கும் ஒவ்வொருவருக்கும் வாழ்நாள் முழுவதும் நிற்கிற காப்பீடு உரிமத்தோடு சேர்ந்தே வர வேண்டும். கட்டணம் கூடும். கட்டுகிறோம். பெற்றோர் என்ற முறையில் சொல்கிறேன், தயங்காமல் கட்டுவோம்.

மோதலில் இன்னொருவரும் இருந்தார் என்பதை யாரும் மறக்கக் கூடாது. அந்த நெதர்லாந்து வீரர் மிக இளையவர். அவருடைய பெயரை நான் தேடவில்லை, தேடவும் மாட்டேன். ஆனால் அவரையும் இந்த விளையாட்டுதான் அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. 2006 நவம்பரில் பெல்ஜியத்தின் கெண்ட் ஆறு நாள் பந்தயத்தில் ஸ்பெயினின் ஐசக் கால்வெஸ், டிமிட்ரி டி ஃபாவ் என்ற பெல்ஜிய வீரருடன் மோதித் தடுப்பில் விழுந்து இறந்தார். கால்வெஸ் அந்த ஆண்டு, இருவர் ஓர் அணியாக மாறிமாறி ஓட்டும் மேடிசன் பந்தயத்தின் உலகச் சாம்பியன், மணமாகிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. டி ஃபாவ் அதற்குப் பிறகு மனச்சோர்வோடு போராடினார். 2009 நவம்பரில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. ஆனாலும் இப்படிப்பட்ட மோதலில் உயிர் தப்பியவருக்கு நீண்ட காலம் துணை வேண்டும் என்பதை அறிய இதற்கு மேல் ஒரு சான்று வேண்டாம். அந்தத் துணையை ஏற்பாடு செய்வது ஒரு நல்ல பயிற்சியாளரின் மனசைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது, கூட்டமைப்பின் கடமையாக எழுதப்பட வேண்டும்.

கடைசியாக, தளத்துக்கே ஒரு வார்த்தை. வெலோட்ரோமின் நடு மைதானத்துக்குப் போக பல இடங்களில் தளத்துக்கு அடியில் சுரங்கப் படிக்கட்டுதான் வழி. தளத்தின் குறுக்கே நடந்தும் போவார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரை நாலு பேர் தூக்க வேண்டும். 11 முறை உலகப் பட்டம் வென்றவர் தன் சொந்த விளையாட்டின் நடுவிடத்துக்கு மற்றவர் கையில் போக வேண்டும் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. பாரா சைக்கிள் வீரர்களும் இதே தளங்களில்தான் ஓடுகிறார்கள். புதிய தளத்துக்கு அனுமதி கொடுக்கும்போது சரிவின் கோணத்தையும் பலகையின் தரத்தையும் அளக்கிறீர்கள், சாய்தளப் பாதையையும் லிப்டையும் சேர்த்து அளந்து, இல்லையென்றால் அனுமதியை நிறுத்துங்கள். பழைய தளங்களுக்குக் கெடு வையுங்கள்.

பயிற்சிப் பாதுகாப்பு விதிகளை எழுத நீங்கள் ஒரு குழு அமைத்தால், விழுந்து எழுந்தவர்களும் எழ முடியாதவர்களும் அதில் வாக்கோடு உட்கார வேண்டும். விழா மேடையில் பூங்கொத்து கொடுக்க அழைப்பது வேறு, வரைவில் திருத்தம் போடும் உரிமையோடு அழைப்பது வேறு. கிளப் அளவில் தினமும் சீட்டைப் பிடித்து நிற்கும் பயிற்சியாளர்களும் அங்கே இருக்க வேண்டும். அவர்கள்தான் இந்த விதியை நடைமுறையில் சுமக்கப் போகிறவர்கள்.

அடுத்த பருவத்துக்கான விதித் திருத்தங்கள் உங்கள் மேசைக்கு வரும்போது இதையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், தளங்களை நடத்தும் கிளப்புகளையும் நகராட்சிகளையும் தனியாகவே கேட்டுக்கொள்கிறேன்: வேக ஓட்டத்துக்கும் நின்ற நிலைக் கிளம்பலுக்கும் தனித்தனி நேரம் குறித்த தாளை இந்த வாரமே வாசலில் ஒட்டுங்கள். அன்றைய பொறுப்பாளரின் பெயரை அதன் மேலேயே எழுதுங்கள். பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது நாங்கள் முதலில் அந்தப் பெயரைப் பார்ப்போம். பெயர் இல்லாத மாலையில் பிள்ளையைத் தளத்தில் இறக்க மாட்டோம்.

இப்படிக்கு,
ஓடுதளத்தில் பயிற்சி எடுக்கும் ஒரு பெண்ணின் பெற்றோர்